ஏப்ரலில் பழுப்பாகக் கிடக்கும் பிரெய்ரி நிலத்தில் எதைப் பார்ப்பது, எப்போது கை வைப்பது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகருக்கு மேற்கே 14 ஏக்கர் நிலத்தைச் சென்ற ஆண்டு இறுதியில் வாங்கியிருக்கிறீர்கள். அதில் 5 ஏக்கர் முன்பு மக்காச்சோள வயலாக இருந்தது. பழைய உரிமையாளர் சுமார் 15 ஆண்டுகளுக்கு முன்பு அதில் விதை தூவிப் பிரெய்ரிப் புல்வெளியாக மீட்டெடுத்திருக்கிறார். ஏப்ரல் பிறந்தும் அங்கே இடுப்பளவுப் புல் காய்ந்து சாய்ந்து கிடக்கிறது. பூ ஒன்றும் கண்ணில் படவில்லை. இதை வெட்டிச் சுத்தம் செய்யலாமா, பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வதுபோல எரித்துத்தான் ஆக வேண்டுமா, வசந்தகாலப் பூக்கள் என்று எல்லோரும் சொல்வது எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதில் இதுதான்: இந்த வசந்தத்தில் வெட்டவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் முதல் வாரம் வரை வாரம் ஒரு முறையாவது நிலத்தை நடந்து பாருங்கள். வசந்தத்தில் உங்கள் நிலத்தில் எது பூக்கிறது, எது பூக்கவில்லை என்பதை வைத்துத்தான் தீயின் காலம், களையெடுப்பு, புதிதாக விதைக்க வேண்டியவை ஆகிய மூன்றையும் முடிவு செய்ய முடியும். தென் விஸ்கான்சினில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வசித்து, அதில் பெரும்பாலான ஆண்டுகள் பிரெய்ரி மீட்புப் பணிகளில் தன்னார்வலராக வேலை செய்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிரெய்ரி என்ற சொல்லை நாமெல்லோரும் பள்ளிப் புவியியல் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம்; வட அமெரிக்காவின் பரந்த புல்வெளி என்பதோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். அந்தப் புல்வெளி இன்று ஏறத்தாழ இல்லை என்பது அந்த வரியில் இருக்காது. 1837இல் இல்லினாய் மாநிலத்தின் கிராண்ட் டீட்டூர் என்ற ஊரில் கொல்லராக இருந்த ஜான் டியர் செய்த எஃகுக் கலப்பை, வேர்கள் பின்னிக் கிடந்த கரிய மண்ணை ஒட்டாமல் புரட்டிப் போட்டது. அதன் பிறகு இரண்டு தலைமுறைக்குள் உயரப்புல் பிரெய்ரியின் பெரும்பகுதி மக்காச்சோளமும் கோதுமையுமாகிவிட்டது. இல்லினாய் மாநிலத்தில் மட்டும் சுமார் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. அதில் பழைய தரம் குலையாமல் எஞ்சியது 2,300 ஏக்கர் அளவுக்குத்தான். எஞ்சியவையும் கலப்பை ஏற முடியாத சரளைக் குன்றுகள், ரயில் பாதை ஓரங்கள், பழைய கல்லறைத் தோட்டங்களின் மூலைகள் என்று துண்டு துண்டாகவே கிடக்கின்றன.

அழிந்ததைத் திரும்ப நட முடியுமா என்ற கேள்வி முதன்முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டதும் உங்களுக்கு அருகிலேயேதான். மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்போரீட்டம் என்ற தாவர ஆய்வுத் தோட்ட வளாகத்தில், பொருளாதார மந்தக் காலத்தில் அரசு வேலைத்திட்டத்தின் இளைஞர்களைக் கொண்டு 1930களின் நடுவில் ஒரு பழைய மேய்ச்சல் நிலம் பிரெய்ரியாக மாற்றப்படத் தொடங்கியது. சுமார் 70 ஏக்கர் பரப்புள்ள அந்த இடம் இன்று கர்ட்டிஸ் பிரெய்ரி என்று அழைக்கப்படுகிறது. 1940களில் அங்கே தீயை வைத்துச் சோதனைகள் செய்த தாவரச் சூழலியலாளர் ஜான் கர்ட்டிஸின் பெயர் அது. மீட்டெடுத்த பிரெய்ரிகளில் மிகப் பழையது என்று அதையே குறிப்பிடுகிறார்கள். உங்கள் ஐந்து ஏக்கரும் அந்த வரிசையில் வந்ததுதான்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மீட்டெடுத்த பிரெய்ரிகளில் வசந்தகாலப் பூக்கள் குறைவாக இருப்பது தற்செயல் அன்று. விதை சேகரிப்பவர்கள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் வயலில் இறங்குகிறார்கள். அப்போது கையில் கிடைப்பவை ஆளுயரத்தில் நிற்கும் புற்களின் விதைகளும், கோடையிலும் இலையுதிர்காலத்திலும் பூக்கும் சூரியகாந்தி இனத்தாரின் விதைகளுமே. வசந்தத்தில் பூப்பவை ஒரு சாண் உயரத்தில் நின்று, ஜூன் மாதத்திலேயே விதையை உதிர்த்துவிட்டு, மற்ற புற்களின் நிழலில் மறைந்துவிடுகின்றன. அவற்றின் விதை குறைவாகக் கிடைக்கிறது, விலை அதிகம், முளைத்துப் பூக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே விதைக் கலவையில் அவை பெயருக்குத்தான் சேர்கின்றன. சேர்ந்தவையும் பிக் புளூஸ்டெம் போன்ற உயரப்புல்லுக்கு அடியில் ஒளி கிடைக்காமல் மடிந்துபோகின்றன. கண்ணுக்குச் செழிப்பாகத் தெரியும் பல பிரெய்ரிகள் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வெறும் சருகு வயலாகக் கிடப்பதற்கு இதுவே காரணம். என்னைக் கேட்டால், ஒரு மீட்பு வேலை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை ஆகஸ்டு மாதத்தின் மஞ்சள் வெள்ளத்தை வைத்து மதிப்பிடக் கூடாது. மே மாதத்தில் முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

முதல் நடையில் பூவைத் தேடாமல் பச்சையைத் தேடுங்கள். பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், லிட்டில் புளூஸ்டெம் ஆகிய பிரெய்ரிப் புற்கள் வெப்பத்தை விரும்புபவை. நம் சோளத்துக்கும் கரும்புக்கும் நெருங்கிய உறவுக்காரர்களான அவை மே மாதத்துக்கு முன்பு பெரும்பாலும் கண் விழிப்பதில்லை. அதனால் ஏப்ரல் தொடக்கத்தில் சருகுக்கு நடுவே கம்பளம்போல் பசுமை படர்ந்திருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்ட ஸ்மூத் புரோம் புல்லாகவோ, வீட்டுப் புல்தரைகளில் வளர்க்கும் கென்டக்கி புளூகிராஸாகவோதான் இருக்கும். ஜூன்கிராஸ் போலச் சீக்கிரம் துளிர்க்கும் உள்ளூர்ப் புற்களும் செட்ஜ் என்ற கோரை இனங்களும் உண்டு. அவை சிறு சிறு குத்துகளாக நிற்கும், பாய் விரித்ததுபோல் பரவா.

பிறகு ஓர் இடத்தில் மண்டியிட்டு அமர்ந்து சருகை இரு கைகளாலும் விலக்குங்கள். மேலே இருப்பது சென்ற ஆண்டின் புல். அது வைக்கோல் நிறத்தில் மொறுமொறுப்பாக இருக்கும். அதற்குக் கீழே அதற்கு முந்தைய ஆண்டுகளின் புல் சாம்பல் நிறத்தில் ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்திருக்கும். விரல் மண்ணைத் தொடுவதற்குள் நடுவிரலின் இரண்டு கணுவும் சருகுக்குள் மறைந்துவிட்டால், அந்த இடம் பல ஆண்டுகளாக எரிக்கப்படவில்லை என்று பொருள். அந்தப் போர்வைக்கு அடியில் மண் குளிர்ந்தே கிடக்கும்; ஒரு சாண் செடி அதைத் துளைத்துக்கொண்டு மேலே வருவது மிகக் கடினம். உங்கள் நிலத்தில் பத்து இடங்களிலாவது இப்படிப் பார்த்து, எங்கே தடிமன் அதிகம், எங்கே மண் வெளியே தெரிகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பின்னால் தீயைப் பற்றி முடிவெடுக்கும்போது அந்தத் தாள்தான் உதவும்.

பூக்களில் முதலில் வருவது பாஸ்க் மலர். தெற்கு பார்த்த, வறண்ட, சரளை மேடு ஏதேனும் உங்கள் நிலத்தில் இருந்தால் ஏப்ரல் முதல் பாதியிலேயே அங்கே போய்த் தேடுங்கள். பனி இன்னும் முழுதாகக் கரையாத நாட்களில், இலைகூட விரியாமல், மொட்டு மட்டும் மண்ணிலிருந்து எழுந்து வரும். தண்டு, இலை, இதழின் வெளிப்புறம் எல்லாவற்றிலும் வெள்ளிப் பட்டுபோன்ற ரோமம் அடர்ந்திருக்கும். குளிர்காற்று நேராகப் படாமல் அது தடுக்கிறது. வெயில் வந்தால் வெளிறிய ஊதாக் கிண்ணம் விரிந்து சூரியனைப் பார்த்துத் திரும்பி நிற்கும். மேகம் மூடினால் கூம்பிவிடும். அந்தக் கிண்ணத்துக்குள் வெளிக்காற்றைவிட வெப்பம் கூடுதலாக இருப்பதால் சிறு தேனீக்கள் மகரந்தத்துக்காக மட்டுமல்லாமல் குளிர் காயவும் அதில் இறங்கி அசையாமல் உட்கார்ந்திருக்கும். இந்த மலர் தெற்கு டகோட்டாவின் மாநில மலர். அடர்ந்த மண்ணுள்ள தாழ்வான பகுதியில் இதைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

மே மாதத்தில்தான் கண்கள் நிறையும். ஷூட்டிங் ஸ்டார் என்ற செடியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது மீட்டெடுத்த நிலங்களில் மிக அரிதாகவே தானாக வரும். வந்திருந்தால் பழைய உரிமையாளர் பொறுமைசாலி என்று அறியலாம். தரையோடு ஒட்டிய இலைகளின் நடுவிலிருந்து ஓரடி, ஒன்றரையடி உயரத்துக்கு இலையற்ற ஒற்றைத் தண்டு எழும். அதன் உச்சியில் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். நம் காந்தள் பூவில் இதழ்கள் பின்னோக்கி மடிந்து நிற்குமே, அதே அமைப்பு. நிறம் மட்டும் வெள்ளையோ இளஞ்சிவப்போ. கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கூரான முனைதான் மகரந்தப் பைகள். அவை பிளந்து திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் இதே ஏற்பாடுதான்.

மே நடுவில் வெயில் ஏறிய காலை ஒன்றில் அந்தப் பூவுக்கு அருகே பத்து நிமிடம் அமர்ந்திருங்கள். குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் தனியாகத் தூங்கி எழுந்த பம்பிள் தேனீ ராணி ஒன்று வரும். அது பூவைக் கீழிருந்து கால்களால் கட்டிப்பிடித்துத் தொங்கி, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்ட முரலொலி சட்டென்று உயர்ந்த சுருதிக்கு மாறும். ஒரு நொடி, இரண்டு நொடி. துளையிலிருந்து மகரந்தம் பொடியாகக் கொட்டி அதன் வயிற்று ரோமத்தில் படிவது வெயிலில் கண்ணுக்குத் தெரியும். வளர்ப்புத் தேனீக்களுக்கு இப்படி அதிர்த்து மகரந்தம் எடுக்கத் தெரியாது. கோடைத் தேனீக்கூட்டம் உருவாகாத அந்த மாதத்தில் ராணி தனி ஆளாகத்தான் தன் கூட்டை நிறுவியாக வேண்டும். அவளுக்கு உணவு தருவது இந்த வசந்தப் பூக்களே. 2017இல் அமெரிக்க அரசு அழிவாபத்திலுள்ள உயிரினமாக அறிவித்த ரஸ்டி பேட்ச்டு பம்பிள் தேனீ இன்றும் தென்படும் சில இடங்களில் மேடிசன் சுற்றுவட்டாரமும் ஒன்று. ஆகவே உங்கள் நிலத்தில் மே மாதம் வெறுமையாகக் கிடப்பது அழகுக் குறை மட்டுமன்று.

மற்றவற்றை நமக்குப் பழக்கமான செடிகளின் உறவைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்வது எளிது. பேர்ட்ஸ்ஃபுட் வயலட் நம் ஓரிதழ்த் தாமரையின் குடும்பம். மணற்பாங்கான இடத்தில், பறவையின் பாதம்போல் பிளந்த இலைகளுக்கு மேல் ஊதாப் பூவைத் தாங்கி நிற்கும். ரீகல் ஃபிரிட்டிலரி என்ற அரிய பட்டாம்பூச்சியின் புழுக்கள் வயலட் இலைகளை மட்டுமே தின்று வளர்பவை. ஹோரி புக்கூன் தேள்கொடுக்குச் செடியின் குடும்பம். அதன் ஆரஞ்சு கலந்த மஞ்சள் மே மாதப் பழுப்புக்கு நடுவே நூறடி தூரத்திலிருந்தே தெரியும். கோல்டன் அலெக்சாண்டர்ஸ் கொத்தமல்லிக் குடும்பம். மஞ்சள் குடைகளாகப் பூக்கும். ஸ்பைடர்வொர்ட் நம் கானாவாழைக்கு நெருங்கிய சொந்தம். ஜூனில் பூக்கும் அந்த நீலப் பூவும் கானாவாழை போலவே காலையில் விரிந்து, வெயிலான நாட்களில் மதியத்துக்குள் வாடிச் சுருண்டுவிடும் என்பதால், மாலையில் போய்ப் பார்த்துவிட்டு நிலத்தில் அது இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பிரெய்ரி ஸ்மோக் செடியின் பூவைவிட, ஜூனில் அதன் காய்களிலிருந்து காற்றில் நெளியும் இளஞ்சிவப்பு இழைகளே அழகு. வடக்கு எல்லையில் பர் ஓக் மரங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மரங்கள் இலைவிடும் முன்பு, ஏப்ரல் பிற்பகுதியில், அவற்றின் அடியில் பிளட்ரூட், டிரௌட் லில்லி, டிரில்லியம் ஆகியவை உண்டா என்று பாருங்கள். விதையில் ஒட்டியுள்ள கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் சுமந்து சென்றுதான் இவை பரவுகின்றன. எனவே ஒருமுறை அழிந்த இடத்துக்கு இவை தாமாகத் திரும்புவது அரிது.

பார்த்ததையெல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள்: முதல் பூ விரிந்த நாள், பூத்த செடிகளின் எண்ணிக்கை, இடம், அவ்வளவு போதும். பாராபூ ஊருக்கு அருகே 1935இல் களைத்துப்போன ஒரு பண்ணையை வாங்கி மீட்டெடுத்த சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு இத்தகைய குறிப்புகளை 1948இல் இறக்கும்வரை எழுதினார்; 1970களில் அவர் மகள் நீனா அதே பகுதியில் மறுபடி தொடங்கினார். இரு குறிப்புகளையும் ஒப்பிட்டு 1999இல் வெளியான ஆய்வு, பல பூக்களும் பறவைகளும் முன்பைவிடச் சீக்கிரம் வருவதையும், வேறு சில சிறிதும் நகராமல் இருப்பதையும் காட்டியது. ஒரு குடும்பம் தன் சொந்த நிலத்தில் எழுதிய நாட்குறிப்பு அறிவியலுக்குச் சான்றாக நின்ற நிகழ்வு அது.

இப்போது தீ. காட்டுத் தீ என்றாலே கேடு என்று பழகிய நமக்கு, நிலத்தைக் காப்பதற்காக எரிப்பது என்பது மனத்தில் எளிதில் ஒட்டாது. எனக்கும் முதல் ஆண்டில் ஒட்டவில்லை. ஆனால் ஹோ-சங்க் உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகள் திட்டமிட்டு எரித்ததால்தான் இங்கே புல்வெளி புல்வெளியாகவே நின்றது. எரிப்பு நின்ற இடங்களில் புதர் ஏறியது, பிறகு மரம் ஏறியது. புல்வெளியை வீண் நிலம் என்று கருதி நீலகிரியில் வாட்டில் மரங்களை நட்டதன் விளைவை அறிந்தவர்களுக்கு, புல்வெளியில் மரம் ஏறுவது எல்லா நேரத்திலும் நன்மையன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. புல்லின் வளர்முனை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பிக் புளூஸ்டெம்மின் வேர் ஆறடிக்கும் கீழே போகிறது. தீ சில நிமிடங்களில் கடந்துவிடும். ஓரங்குல ஆழத்தில் மண் சுடுவதுகூட இல்லை. சருகு போனதும் கரிய தரை வெயிலை உள்வாங்கிச் சீக்கிரம் சூடேறும், ஒளி தரையைத் தொடும்.

ஆனால் எப்போது எரிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் ஏப்ரல் கடைசியில் எரிக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்மூத் புரோம் நன்றாகத் துளிர்த்து வரும் அந்த நேரத்தில் எரித்தால் அது அடி வாங்கும் என்பது உண்மை. அதே தீ, அப்போதுதான் மொட்டு விட்டு நிற்கும் ஷூட்டிங் ஸ்டாரையும் புக்கூனையும் சேர்த்தே கருக்கும். இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும் உயரப்புல்லுக்கு மட்டும் அது முழு ஆதாயம். இப்படித் தொடர்ந்து பத்து ஆண்டுகள் வசந்தத்தின் பிற்பகுதியில் எரிக்கப்பட்ட நிலங்கள் புல்லால் மட்டுமே ஆனவையாக மாறுவதைக் கண்டிருக்கிறேன். நவம்பரில் எரித்தாலோ மார்ச் இறுதியில் நிலம் காய்ந்த உடனே எரித்தாலோ சீக்கிரம் பூக்கும் செடிகளுக்கு வழி திறக்கும். ஆகவே அடுத்த பருவங்களுக்கு, நீங்கள் வரைந்த தாளையும் பூக்குறிப்பையும் பாருங்கள்: புரோம் மட்டும் நிறைந்து பூவே இல்லாத மூலையை ஏப்ரல் கடைசியில் எரிக்கலாம், பூக்கள் கண்ட மேட்டை நவம்பரிலோ மார்ச்சிலோ எரிக்க வேண்டும். ஒரே நிலத்துக்கு ஒரே தேதி என்ற விதி கிடையாது.

ஒரே ஆண்டில் ஐந்து ஏக்கரையும் எரிக்கக் கூடாது என்பதில் நான் மிகப் பிடிவாதமாக இருக்கிறேன். பட்டாம்பூச்சிப் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் சருகிலும், தனித்து வாழும் சில தேனீக்களின் குஞ்சுகள் காய்ந்த தண்டுகளுக்குள்ளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ரீகல் ஃபிரிட்டிலரியின் புழு முட்டையிலிருந்து வந்தவுடன் ஒன்றும் தின்னாமல் சருகுக்குள் புகுந்து வசந்தம்வரை கிடக்கும். சுற்றிலும் மக்காச்சோள வயல்கள் உள்ள இடத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் எரித்துவிட்டால் அவை திரும்பி வர வேறு இடமே இல்லை. நிலத்தை மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பங்கு எரியுங்கள்.

முதல் எரிப்பை நீங்களாகச் செய்ய முயலவே கூடாது. பயிற்சி பெற்ற ஒப்பந்தக் குழுவை அமர்த்துங்கள், அல்லது தி பிரெய்ரி என்தூசியஸ்ட்ஸ் போன்ற அமைப்புகளின் எரிப்பு நாட்களில் இரண்டு பருவமாவது உடன் நின்று கற்றுக்கொள்ளுங்கள். செய்முறை வெளியிலிருந்து பார்க்க எளிது. இலையுதிர்காலத்திலேயே சுற்றிலும் பத்தடிக்குக் குறையாத அகலத்தில் புல்லை ஒட்ட வெட்டித் தீத்தடுப்புப் பாதை அமைக்கிறோம். காற்று மணிக்கு 5 முதல் 15 மைல் வேகத்தில் ஒரே திசையில் நின்று வீச வேண்டும். ஈரப்பதம் பொதுவாக 30 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காற்று போய்ச் சேரும் பக்கத்திலிருந்து தொடங்கி, காற்றுக்கு எதிராகத் தீயை மெல்ல ஊரவிட்டுக் கருகிய பட்டையை அகலமாக்குகிறோம். பிறகு இரு பக்கங்களையும் எரித்து, கடைசியில்தான் காற்று வரும் பக்கத்தில் தீ வைக்கிறோம். கடைசித் தீ ஆளுயரத்துக்கு மேல் எழுந்து சில நிமிடங்களில் முடிந்துவிடும். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்திலும் மாநில இயற்கை வளத்துறையிலும் அனுமதி விதிகளைக் கேட்டு, அக்கம்பக்கத்தாருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். பருத்தி அல்லது கம்பளி ஆடையும் தோல் காலணியும் மட்டுமே அணியுங்கள். சிவப்பு சீடார் மரங்கள் எண்ணெய் ஊற்றியதுபோல் எரியும் என்பதால் முன்பே வெட்டி அகற்றுங்கள். பாய்சன் ஐவி கொடி எரியும் புகை நுரையீரலைப் புண்ணாக்கும். மேலே சொன்ன லியோபோல்டு 1948 ஏப்ரல் 21 அன்று இறந்தது பக்கத்துப் பண்ணையில் பரவிய புல் தீயை அணைக்க உதவிக்கொண்டிருந்தபோதுதான். வாழ்நாள் முழுவதும் நிலத்தை அறிந்தவருக்கே அப்படி ஒரு நாள் வந்தது என்பதை ஒவ்வொரு எரிப்புக்கு முன்பும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

வெட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எரிக்க முடியாத ஆண்டில், மார்ச் மாதத்தில் வெட்டி, வெட்டிய புல்லை வாரி வெளியே கொண்டுபோய்விட்டால் ஓரளவு பயன் உண்டு. அப்படியே விட்டால் சருகுப் போர்வை இன்னும் தடிக்கும். மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை இயந்திரத்தை உள்ளே விடாதீர்கள். மெடோலார்க், பாபொலிங்க் பறவைகள் தரையில் கூடு கட்டும் காலம் அது.

களைகளில் நீங்கள் உடனே கற்றுக்கொள்ள வேண்டியது வைல்டு பார்ஸ்னிப். இதுவும் கொத்தமல்லிக் குடும்பம், இதற்கும் மஞ்சள் குடைப் பூ. கோல்டன் அலெக்சாண்டர்ஸைப் பார்த்துக் களை என்று பிடுங்கிவிடுவதும், பார்ஸ்னிப்பைப் பார்த்துப் பூ என்று விட்டுவைப்பதும் புதியவர்கள் செய்யும் பிழைகள். கோல்டன் அலெக்சாண்டர்ஸ் மே மாதத்திலேயே பூத்துவிடும், இரண்டு மூன்றடிக்கு மேல் வளராது, அதன் இலை மும்மூன்றாகப் பிரியும். பார்ஸ்னிப் ஜூன் நடுவில்தான் பூக்கத் தொடங்கும், நான்கைந்து அடி உயரும், நீண்ட காம்பின் இருபுறமும் எதிரெதிராகச் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளிக்கும். நான் சட்டைக்கையை மடித்துவிட்டு ஒரு ஜூன் பிற்பகலில் இதைத் தோண்டியபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தீக்காயம்போல் எழும்பியது, அந்தக் கரும்பழுப்புக் கோடு அடுத்த வசந்தம்வரை மறையவில்லை. முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து, பூப்பதற்கு முன்பு, கூர்மையான மண்வெட்டியால் வேரைத் தரைக்கு இரண்டங்குலம் கீழே வெட்டிவிட்டால் போதும். ஒருமுறை பூத்துக் காய்த்ததும் மடியும் செடி என்பதால் விதைக்க விடாமல் தடுத்தாலே நாளடைவில் குறைந்துவிடும்.

ஸ்வீட் குளோவர் வேறு வகைக் களை. முதல் ஆண்டில் இலையாக மட்டும் நின்று இரண்டாம் ஆண்டில் பூத்து மடியும் இந்தச் செடியின் கடின விதைகளைத் தீயே முளைக்க வைக்கிறது. ஆகவே எரித்த பகுதியில் அடுத்த ஆண்டு ஜூனில், மழை பெய்த மறுநாள், கண்டிப்பாகப் போய்ப் பிடுங்க வேண்டும். பக்தார்ன், ஹனிசக்கிள் புதர்களைக் குளிர்காலத்தில் வெட்டி, வெட்டிய அடிக்கட்டையில் உடனே களைக்கொல்லியைத் தூரிகையால் தடவுங்கள், தெளிக்க வேண்டாம். ஓக் மரங்களின் அடியில் கார்லிக் மஸ்டர்டு கண்ணில் பட்டால் மே மாதத்தில் காய் முற்றுமுன் பிடுங்கிப் பையில் கட்டி அகற்றுங்கள். மே, ஜூன் மாதங்களில் மான் உண்ணிகள் லைம் நோயைப் பரப்புவதால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடந்து, வீடு திரும்பியதும் உடல் முழுவதும் சோதித்துக்கொள்ளுங்கள்.

இல்லாத வசந்தப் பூக்களைக் கொண்டுவருவது நீண்ட வேலை, ஆனால் கடினமான வேலையன்று. பாஸ்க் மலரின் விதை ஜூனில் காற்றோடு போகும் முன்பு எடுத்து, உலர்த்தி வைக்காமல் அப்போதே விதைக்க வேண்டும். வயலட்டின் காய் முற்றியதும் வெடித்து விதையை எறிந்துவிடும். ஆகவே காய் நிமிரத் தொடங்கியதும் அதன் மேல் மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டிவிடுகிறோம். ஷூட்டிங் ஸ்டாரின் மரநிறக் காய்களை ஜூலையில் கவிழ்த்தால் மிளகைவிட மிகச் சிறிய விதைகள் கொட்டும். குளிரும் ஈரமும் சில மாதங்கள் கிடைத்தால்தான் இவற்றில் பெரும்பாலானவை முளைக்கும். நவம்பரில் எரித்த கரிய தரையில் தூவிவிட்டால் விஸ்கான்சின் குளிர்காலமே அந்த வேலையைச் செய்துவிடும். ஷூட்டிங் ஸ்டார் முதல் பூ விட ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். அவசரமானால் நாற்றுகளை வாங்கி நடலாம். ஆனால் தொலைவான மாநிலத்து விதையில் வளர்ந்தவற்றைத் தவிர்த்து, உள்ளூர் மரபில் வந்தவற்றையே கேளுங்கள். பழைய பிரெய்ரித் துண்டுகளிலிருந்து ஒரு செடியைக்கூடத் தோண்டி எடுக்கக் கூடாது. அரசுப் பாதுகாப்பு நிலங்களில் அனுமதியின்றி விதை எடுப்பதும் கூடாது.

புல்லின் அடர்த்தியைக் குறைக்க நான் மிகவும் நம்புவது வுட் பெட்டனி என்ற சிறு செடியை. மே மாதத்தில் வெளிர்மஞ்சள் பூக்களைச் சுழலாக அடுக்கி நிற்கும் இது தன் வேரைப் பக்கத்துப் புல்லின் வேரில் பொருத்தி உணவு உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. இது பரவிய வட்டத்துக்குள் பிக் புளூஸ்டெம் ஆளுயரம் வளராமல் இடுப்பளவில் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் வயலட்டும் புக்கூனும் பிழைத்துக்கொள்கின்றன. மூன்று நான்கு இடங்களில் சிறிதளவு விதைத்துப் பாருங்கள்.

உங்கள் நிலம் எப்படி இருக்க வேண்டும் என்ற படம் மனத்தில் பதிய, மே மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் கெனோஷாவுக்குத் தெற்கே மிஷிகன் ஏரிக்கரையில் உள்ள சிவாக்கி பிரெய்ரிக்குப் போய் வாருங்கள். உழவே படாத அந்த மண்ணில் ஷூட்டிங் ஸ்டார் ஆயிரக்கணக்கில் பூத்திருக்கும். அதற்கு முன்பு, பழைய உரிமையாளரைத் தொடர்புகொண்டு 15 ஆண்டுகளுக்கு முன்பு அவர் வாங்கிய விதைக் கலவையின் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதில் மே மாதத்துக்குள் பூப்பவை எத்தனை என்று எண்ணி, உங்கள் நடையில் கண்டவற்றோடு ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள். ஜூன் இரண்டாம் வாரத்தில் நண்பர் ஒருவரின் மேட்டு நிலத்தில் அவர் அனுமதியோடு பாஸ்க் மலர் விதை எடுக்கப் போகிறோம். நீங்களும் வந்தால் ஒரு கைப்பிடி உங்கள் மேட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.